ரெண்டு கொக்குவில்

போன மாதம் நாங்கள் ஒரு பழைய விழா மலரை இணையத்தில ஏத்திறதுக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தம். பாமினி எழுத்துருவில தட்டச்சு செய்து வைச்ச கோப்பு. அதை யூனிக்கோட்டுக்கு மாத்தி, எக்ஸ்எம்எல் ஆக்கி, பிறகு எக்ஸ்எஸ்எல்டியால பக்கங்களாக உருமாத்திறதுதான் திட்டம். கடைசியில ஊர்ப்பெயர் அட்டவணை ஒண்டு போடுவம் எண்டு பாத்தால், கொக்குவில் ரெண்டு தரம் வருகுது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். கொம்பியூட்டருக்கு இல்லை.

காரணம் சின்னது. 'கொ' என்ற எழுத்தின்ர குறியை யூனிக்கோட்டில ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு வேறு, கால் வேறு எண்டு ரெண்டாகவும் வைக்கலாம். பாமினியில நாங்கள் கொம்பு, க, கால் எண்டுதான் தட்டிறது. மாத்திற மென்பொருள் கொம்பைப் பின்னால தள்ளிவிட்டு, காலை அப்படியே விட்டிருக்கு. அதால ஒரு கொக்குவிலில 10 குறியீடு, மற்றதில 11. நாங்கள் எண்ணினால் ரெண்டிலயும் 5 எழுத்து. எக்ஸ்எஸ்எல்டியில சாதாரண சமக்குறியைப் போட்டு ஒப்பிட்டால் அது குறியீட்டைத்தான் பாக்கும். எழுத்துப்பிழை பிடிக்கப் பாவிக்கிற லெவன்ஷ்டைன் தூரத்தை அளந்தாலும் 2 எண்டு வரும், பூச்சியம் வரவேண்டிய இடத்தில.

இதுக்கு மருந்து இருக்கு. 2007 இல வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0 இலயே யூனிக்கோட்டைச் சீராக்கிற சார்பு ஒண்டு உண்டு. போட்டம், கொக்குவில் ஒண்டாச்சு. அதோட விட்டிருந்தால் இந்தக் கட்டுரை வந்திராது. அடுத்த பக்கத்தில வௌவால் மாட்டிச்சுது.

'வௌவால்' எண்டதை ஆரோ வ, கொம்பு, ள எண்டு தட்டியிருக்கினம். பாக்க அச்சு அசல் அதே சொல். ஆனால் யூனிக்கோட்டின்ர கணக்கில இது வேறு சொல்தான், சீராக்கினாலும் ஒண்டாகாது. சரி, கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக்குவம் எண்டால், 'வெள்ளி' கெட்டுப்போகும். புள்ளியோ வேறு குறியோ இல்லாத ளகரத்தை மட்டும் மாத்துவம் எண்டு வைச்சாலும், பேச்சுமொழிக் கதையில வாற 'வெளக்கு' அகப்பட்டுக்கொள்ளும். விழா மலருக்குச் சரியான விதி சிறுகதைக்குப் பிழை.

எங்கட கருத்து இதுதான்: எது எதுக்குச் சமம் எண்டதை ஒப்பிடுற கருவிக்குள்ள பூட்டி வைக்கக்கூடாது. வெளியில இருந்து குடுக்க வேணும். பங்ஷனல் புரோகிராமிங், அதாவது சார்பு நிரலாக்கம், செய்யிறது இதைத்தான். உயர்தரக் கணிதத்தில படிச்ச அதே சார்பு. அங்க x க்கு எண்ணைக் குடுத்தம். இங்க ஒரு சார்புக்கு இன்னொரு சார்பையே குடுக்கலாம். 'ரெண்டு சரத்தையும் எழுத்தெழுத்தாகப் பிரி, சோடி சோடியாகப் பார், சமமோ எண்டு நான் தாற சார்பிட்டக் கேள்.' மலருக்கு ஒரு சார்பு, கதைக்கு இன்னொண்டு. ஒப்பிடுற பகுதியில ஒரு வரியும் மாறாது.

எக்ஸ்எஸ்எல்டி இதுக்கு ஏத்த மொழி எண்டு முதலில நாங்கள் நம்பேல்லை. கோணல் அடைப்புக்குறிகளால கண் பூத்துப்போகும். ஒரு மாறிக்குப் பெறுமானம் குடுத்தால் பிறகு மாத்தேலாது. எண்ணி எண்ணிச் சுத்திற வழமையான லூப்பும் இல்லை. முதல் எழுத்தை ஒப்பிட்டு, மிச்சத்தைத் திரும்பவும் அதே சார்பிட்ட ஒப்படைக்க வேணும். ஆனால் அந்தக் கட்டுப்பாடுதான் சார்பாக யோசிக்கப் பழக்குது. 1999 இல வந்த முதல் பதிப்பில சார்பைக் கையளிக்க வழியே இருக்கேல்லை. டிமிட்ரே நொவாட்செவ் எண்டவர் எஃப்எக்ஸ்எஸ்எல் என்ற தொகுப்பில, வார்ப்புருக்களையே சார்பு மாதிரிக் கைமாத்தி அதைச் செய்து காட்டினார். 2017 இல வந்த 3.0 இல அது மொழியிலயே சேர்ந்திட்டுது. பைதானில இதெல்லாம் லேசுதானே எண்டு கேப்பீங்கள். லேசுதான், அதில செய்யுங்கோ. விதியை வெளியில வையுங்கோ எண்டுதான் சொல்லுறம்.

இந்த வேலை எங்கட ஊருக்குப் புதுசும் இல்லை. சிறுப்பிட்டியில பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887 இல கலித்தொகையைப் பதிப்பிச்சது ஏடுகளை ஒப்பிட்டுத்தான். ஏட்டில புள்ளி இடுற வழக்கம் இல்லை, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வித்தியாசம் இல்லை, காலும் ரகரமும் ஒரே வடிவம். அதால 'கொ', 'கோ', 'கெர' மூண்டும் ஒரே கோலத்தில கிடக்கும். எதை எதுவாக வாசிக்கிறது எண்டு ஏடு சொல்லாது. யாப்பும் பொருளும் தெரிஞ்ச பதிப்பாசிரியர்தான் தீர்மானிக்க வேணும். அப்பிடியொரு ஏட்டை இண்டைக்கு எக்ஸ்எம்எல்லில ஒப்பிட வந்தால், 'புள்ளியைக் கவனியாதே, குறில் நெடிலைக் கவனியாதே' எண்டு மூண்டாவது சார்பொண்டு எழுதிக் குடுக்கலாம். அவர் மனசுக்குள்ள வைச்சிருந்த விதி, மற்ற ஆக்களும் வாசிச்சுத் திருத்தக்கூடியதாக எழுத்தில நிக்கும்.

1981 இல யாழ் நூலகம் எரிஞ்சது எங்களுக்குக் கேள்விப்பட்ட கதை. மிஞ்சினதை ஸ்கான் பண்ணி இணையத்தில வைக்கிற வேலையை நாங்கள் கண்ணால கண்டு வளந்தனாங்கள். படமாகக் கிடக்கிற பக்கங்கள் இனி எழுத்தாக மாற மாற, ரெண்டு கொக்குவில் எண்ட சிக்கலும் சேர்ந்து பெருகும். புத்தகம் இருக்கும், தேடினால் வராது. தேடினவர் இல்லையெண்டு நினைச்சுப் போயிடுவார்.

எங்கட மலரில இப்ப கொக்குவில் ஒண்டு, வௌவாலும் ஒண்டு. 'ஸ்ரீ' மட்டும் இன்னும் ரெண்டாக நிக்குது. ஒண்டு ஸகரத்தில தொடங்குது, மற்றது ஶகரத்தில. அதுக்கு எழுதின சார்பு நேற்று ராவுதான் ஓடிச்சுது. அட்டவணையை இன்னும் திறந்து பாக்கேல்லை.