துணை தேடித் தரும் பொறி

இணையவழியில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அவற்றில் புழங்கும் வசைச்சொற்களையும் வன்மத்தையும் எடுத்துக்காட்டி, முகம் தெரியாத இடத்தில் மனிதன் இப்படித்தான் நடந்துகொள்வான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது பெரியவர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இவ்விளையாட்டுகளை ஆடிவரும் எனக்கு அத்தீர்ப்பு உடன்பாடன்று. ஆடுகிறவனுடைய சுபாவத்தில் ஒரு பாதியை அவன் வீட்டிலிருந்து கொண்டுவருகிறான் என்றால், மறுபாதியை அவ்விளையாட்டை வகுத்தவர்கள் தம் விதிகளின் வாயிலாக அவனிடம் உண்டாக்குகிறார்கள் என்பதே நான் கண்ட அநுபவம்.

2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டில், ஐந்து பேர் சேர்ந்து போவதற்கென்றே அமைக்கப்பட்ட நிலவறைகள் பல உண்டு. பகைவரின் அடியையெல்லாம் தன்மேல் ஏற்கும் ‘டேங்க்’ ஒருவர், காயமாற்றும் ‘ஹீலர்’ ஒருவர், தாக்குவோர் மூவர் என்பது அந்த ஐவரின் அமைப்பு. இவர்களைச் சேர்ப்பது எளிய காரியமாக இருக்கவில்லை. நகரத்துச் சாட்டில் ‘ஹீலர் வேண்டும், ஹீலர் வேண்டும்’ என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் கிடைத்தபின் காடும் மலையும் கடந்து நிலவறை வாயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். அரை மணி நேரம் இதிலேயே கழிந்துவிடும். ஆயினும், அந்தப் பிரயாணத்தில் பேச்சுப் பிறந்தது. எல்லோரும் ஒரே சர்வரில் வசிப்பவர்களாகையால் பரிச்சயம் வளர்ந்தது. பொதுவில் கிடைத்த பொருளை ஒருவன் அபகரித்துக்கொண்டு ஓடினால் அவன் பெயர் ஊரெங்கும் பரவி, அப்புறம் அவனுக்குத் துணை கிடைப்பது அரிதாயிற்று. பொறுமையுள்ள ஹீலரின் பெயரையோ, பலரும் குறித்துவைத்துக்கொண்டு மறுமுறை தேடிச் சென்று அழைத்தார்கள்.

2009 டிசம்பரில் இந்தச் சிரமத்தைத் தீர்க்க ஒரு பொறி வந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், வெவ்வேறு சர்வர்களிலிருந்து நால்வரைத் தேடிப் பிடித்து, ஐவரையும் நிலவறைக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடும். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரமே ஆட அவகாசமுள்ளவர்களுக்கு இது பேருபகாரம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆள் குறைந்த சர்வரில் அகப்பட்டவர்களுக்கு அது உயிர்ப்பிச்சையே போன்றது. ஆனால், இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை என்று அறிந்த நால்வரிடம் ஒருவன் நல்ல பெயர் எடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் அன்றோடு பெரும்பாலும் போயிற்று.

அதற்குப்பின் வந்த பல விளையாட்டுகள் இந்த முறையையே தம் அஸ்திவாரமாகக் கொண்டன. அப்படிப்பட்ட ஒன்றில் நான் ஹீலராக ஆடிக்கொண்டிருந்த ஓர் இரவில், எங்கள் குழுவில் வழி தெரியாமல் தயங்கித் தயங்கி வந்த புதியவர் ஒருவரை, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், வாக்கெடுத்து வெளியேற்றினார்கள். பத்து விநாடிக்குள் அவரிடத்தில் வேறொருவர் வந்து நின்றார். ஆட்டம் தடையின்றி நடந்தது. வெளியேற்றியவர்கள் துஷ்டர்கள் என்று நான் கருதவில்லை. காத்திருந்து கற்றுக்கொடுப்பதால் ஒரு பயனும் வராதபடியும், ஆளை மாற்றுவதால் ஒரு நஷ்டமும் நேராதபடியும் அந்த விதி அமைந்திருந்தது. நானும் அன்று வாய் திறவாமல் இருந்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சிருஷ்டியையும் சொல்ல வேண்டும். ஜெனோவா சென் என்பவரின் தலைமையில் உருவாகி 2012-இல் வெளிவந்த ‘ஜர்னி’யில், செந்நிற அங்கி தரித்த ஓர் உருவமாக நாம் பாலைவனத்தில் தொலைதூர மலையை நோக்கி நடக்கிறோம். வழியில் உலகின் எந்த மூலையிலிருந்தோ ஆடும் இன்னொருவர் எதிர்ப்படுகிறார். அவர் பெயர் தெரியாது. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. பறவை கூவுவது போன்ற ஓர் ஒலியை எழுப்பலாம், அவ்வளவுதான். ஆரம்பப் பரிசோதனைகளில் ஓர் உருவம் மற்றோர் உருவத்தைத் தள்ள முடிந்தது என்றும், ஆடியவர்கள் ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தார்கள் என்றும் சென் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு உபதேசம் செய்வதற்குப் பதிலாக அவர் விதியை மாற்றினார்: தள்ளும் சக்தியை எடுத்துவிட்டு, இருவர் நெருங்கினால் இருவரின் கழுத்துத் துணியிலும் பறக்கும் ஆற்றல் நிரம்பும்படி செய்தார்.

மலையடிவாரத்துப் பனிக்காற்றில் அத்துணி உறைந்து குறுகிக்கொண்டே வரும். நான் அவ்விடத்தை அடைந்தபோது, முன்னே சென்றுகொண்டிருந்த என் துணைவர் திரும்பி வந்து என்னருகே ஒட்டி நின்றார். அவர் துணி ஒளிர்ந்தது, என் துணியும் ஒளிர்ந்தது. காற்றடிக்கும்போது பாறை மறைவில் நின்று, ஓய்ந்தபோது நகர்ந்து, அந்தச் சரிவு முழுவதையும் அப்படியே ஏறினோம். ஆட்டம் முடிந்தபின்னரே திரையில் அவர் பெயர் தெரிந்தது. பள்ளத்தில் தள்ளியவர்களைவிட அவர் உயர்ந்த பிறவி என்று எண்ண எனக்கு ஒரு முகாந்தரமும் இல்லை.

ஆகவே, விளையாட்டுகளை வகுக்கும் இளைஞர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: சௌகரியம் கருதி ஒரு சிரமத்தை நீக்குமுன், அந்தச் சிரமத்தைச் சாக்காகக் கொண்டு யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை ஒருமுறை பாருங்கள்.

2019 ஆகஸ்டில், முன்சொன்ன வார்கிராஃப்டை, பொறி வருவதற்கு முந்திய பழைய வடிவத்திலேயே மீண்டும் திறந்தார்கள். முதல் நாட்களில் கூட்டம் தாளவில்லை. ஒரே அரக்கனைக் கொல்ல வேண்டிய இடத்தில் எத்தனையோ பேர் குவிந்தார்கள். முந்திக்கொண்டவன் அடித்துக்கொள்ளலாம் என்பதே அங்கே விதி. அப்படியிருந்தும், பக்கத்தில் நிற்பவர் நாளை தமக்கு ஹீலராக வரக்கூடும் என்று எண்ணினார்களோ என்னவோ, பல இடங்களில் அவர்கள் தாமாகவே ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி, தம் முறை வரும்வரை நின்றார்கள்.