கூடம் கோணலாகவும் இருக்கலாம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீட்டு வாசலில் பைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கழல மறுக்கும் ஒரு திருகோடு மல்லுக்கட்டுகிற யாரும் இந்தப் பழமொழியைக் கேட்காமல் தப்பியதில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பார், கையில் டீ கிளாஸோடு. அவருடைய கட்சி எளிமையானது: கருவி ஒரு பொருட்டே இல்லை, கை சரியாக இருந்தால் போதும், ஸ்பேனரைத் திட்டுகிறவனுக்கு வேலை தெரியாது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதைப் பின்னால் ஒப்புக்கொள்கிறேன். பெரும்பகுதி தவறு. ஏன் தவறு என்பதை மில்லிமீட்டரிலேயே அளந்து காட்டலாம்.

அவர் முதலில் எடுத்து வீசுவது இது: “ஸ்டார் ஸ்குரூ டிரைவர்னா ஸ்டார் ஸ்குரூ டிரைவர்தான், அதுல என்னப்பா ரகம்?”

ரகம் இருக்கிறது. கடையில் நமக்குக் கிடைப்பது அநேகமாகப் பிலிப்ஸ் வடிவம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்துக்காரரான ஹென்றி பிலிப்ஸ் 1930களில் காப்புரிமை பெற்று, கார் தொழிற்சாலைகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த தலை அது. அதன் பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இறங்குகின்றன. திருகும் விசை கூடினால் டிரைவர் அந்தச் சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். தொழிற்சாலையில் புதுத் திருகை முடுக்கும்போது இது பெரிய குறையில்லை. வெயிலும் மழையும் பல வருடம் தின்ற திருகைக் கழற்றும்போதுதான் வினை.

நம் சாலையில் ஓடும் பைக்குகளில் பலவற்றின் பூர்வீகம் ஜப்பான். 1984இல் ஹீரோவோடு ஹோண்டா கூட்டு சேர்ந்தது. 1985இல் யமஹாவின் ஆர்எக்ஸ் 100 வந்தது. டிவிஎஸ்ஸுக்கு சுஸுகி, பஜாஜுக்கு கவாஸாகி. வரைபடங்களோடு சேர்ந்து ஜப்பானியத் தர நிர்ணயமான ஜேஐஎஸ் முறையின் நட்சத்திரத் தலையும் இறங்கியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். ஆனால் பிலிப்ஸ் டிரைவரை ஜேஐஎஸ் தலையில் வைத்தால், இறக்கைகள் சுவரில் படிவதற்கு முன்பே முனை அடியில் முட்டி நின்றுவிடும். பிடிமானம் முழுவதும் நுனியில் மட்டும். முதல் நழுவலில் விளிம்பு மழுங்கும், அடுத்ததில் பள்ளம் அகலும், அதற்கடுத்து ஸ்டார் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு வட்டக் குழிதான் மிஞ்சும். கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்திலும் முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலும் இந்தக் கோலத்தை எத்தனையோ வண்டிகளில் பார்க்கலாம். தலையின் ஓரத்தில் சிறு குழிப்புள்ளி ஒன்று இருந்தால் அது ஜேஐஎஸ் என்று தெரிந்துகொள்ளலாம். ஜேஐஎஸ் டிரைவர் பிலிப்ஸ் தலையில் நன்றாகவே உட்காரும்; மறுதலைதான் உதவாது.

இதற்குள்ளேயே இன்னொரு கூத்து, அளவு. ஆர்எக்ஸ் 100இன் கிளட்ச் கவரைப் பிடித்திருக்கும் 6 மில்லிமீட்டர் திருகுகளுக்கு மூன்றாம் நம்பர் முனை வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டாம் நம்பர். அது உள்ளே போகும், ஆடும், நழுவும். உள்ளே போய்விட்டதால் பொருந்திவிட்டது என்று நினைப்போம். ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் பலர் அந்தத் திருகுகளை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு ஆலன் போல்ட் மாட்டிக்கொள்வது அழகுக்காக மட்டும் இல்லை. இங்கே தப்பு கையில் இல்லை. தப்பான முனையை எந்தக் கையில் கொடுத்தாலும் அது நழுவத்தான் செய்யும்.

அடுத்த வாதம் கொஞ்சம் வலுவானது. “நம்ம தெரு மெக்கானிக் அண்ணன் ரெண்டு ஸ்பேனரும் ஒரு கட்டிங் பிளேயரும் வெச்சுக்கிட்டே முழு இன்ஜினையும் இறக்கிடுறாரே!”

இறக்குகிறார்தான். நம் கண்ணில் படுவது அந்த இரண்டு ஸ்பேனர். அவருக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கேறிய தகரப் பெட்டியில் இருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மேக்னெட்டைக் கழற்றும் புல்லர் அங்கே இருக்கும். மாடலுக்கு மாடல் அதன் மரை வேறு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. பழைய சாக்கெட் ஒன்றின் வாயை கிரைண்டரில் தேய்த்து நாலு பல் விட்டு வைத்திருப்பார். கிளட்சுக்குள் இருக்கும் காடி வெட்டிய நட்டுக்கு அது. தேய்ந்துபோன கிளட்ச் தட்டுக்குக் கைப்பிடி வெல்டிங் செய்து, நட்டைத் திருகும்போது கிளட்ச் சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஒரு கருவி இருக்கும். இந்த இரண்டும் அவரே செய்துகொண்டவை. சிக்கிய திருகுக்கு இம்பாக்ட் டிரைவர் வைத்திருப்பார். அதன் தலையில் சுத்தியலால் அடித்தால் ஒரே அடியில் முனை பள்ளத்துக்குள் அழுந்தும், திரும்பவும் செய்யும். ரெண்டு தட்டு தட்டிக் கழற்றிவிட்டு, “பாத்தியா தம்பி, எல்லாம் கைப்பழக்கம்” என்பார். கைப்பழக்கம் உண்டுதான், கூடவே கையில் இம்பாக்ட் டிரைவரும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் அவரிடம் வைஸ் இருக்கிறது. மேஜையோடு போல்ட் போட்டு இறுக்கிய அந்தக் கனத்த இரும்பு வாய் இல்லாததுதான் வீட்டு மெக்கானிக்கின் முதல் வறுமை என்பது என் எண்ணம். அவன் ஷாக் அப்சார்பரைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்கிறான், அடுக்குமாடி பார்க்கிங்கின் மங்கிய வெளிச்சத்தில் செல்போனை வாயில் கவ்விக்கொள்கிறான். மரை போனால் புதிதாக வெட்டித் தர மெக்கானிக்குக்கு இரண்டு கடை தள்ளி லேத் இருக்கிறது. இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கையை மட்டும் ஒப்பிட்டால் அது நியாயமான போட்டியா?

“ஸ்பேனர் எல்லாம் இரும்புதானே, செட்டா வாங்கிப் போடு” என்ற அறிவுரையையும் கேட்டிருப்பீர்கள். செட்டில் எண்ணிக்கை கூடும், வேலைக்கு ஆவது குறையும். ஜப்பானிய வழி வந்த பைக்குக்குப் பெரும்பாலும் வேண்டியவை 8, 10, 12, 14, 17 ஆகிய ஐந்து அளவுகள். நாற்பத்தாறு பீஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தால், அதில் பாதிக்கு மேல் பைக்கில் எங்கேயும் மாட்டாத பிட்டுகள். மட்டமான ஓபன் ஸ்பேனரின் வாய் அழுத்தத்தில் விரிகிறது. அது போல்ட்டின் ஆறு முகங்களில் இரண்டைத்தான் பிடிக்கிறது, விரிந்தபின் அந்த இரண்டும் கிடையாது. பன்னிரண்டு முனைச் சாக்கெட் மூலைக்கு அருகே அழுத்துவதால் துருப்பிடித்த தலையை வழித்துவிடும். ஆறு முனைச் சாக்கெட் மூலையை விட்டுத் தள்ளி, தட்டையான முகத்தில் அழுத்தும். ‘குரோம் வனேடியம்’ என்று உடம்பில் பொறித்திருப்பதற்கு மதிப்பு, பொறித்தவர் யார் என்பதைப் பொறுத்தது. எழுத்து பொறிப்பதற்கு அந்த உலோகம் தேவையில்லை.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்களிடம் போய் “ஸ்பேனர்ல என்ன இருக்கு” என்று கேட்டால் அடிக்க வருவார்கள். 1955இல் சென்னையில் கால் வைத்த அந்த வண்டி இங்கிலாந்துக்காரர்களின் அங்குல அளவுகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 13.3 மில்லிமீட்டர். பதிமூன்று உள்ளே போகாது, பதினாலு லொடலொடவென்று ஆடும். புதுப்பேட்டையில் தேடி அலைந்து ஒரு விட்வொர்த் ரிங் ஸ்பேனர் வாங்கினவருக்கு ஏற்படுகிற நிம்மதியை வெளியாள் புரிந்துகொள்ள மாட்டார்.

பிறகு ‘கைக்கே தெரியும்’ கட்சி. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடுமாம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குக் கேட்பது பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். நீண்ட ராட்செட்டின் முனையைப் பிடித்தால் இந்த அளவைக் கை உணர்வதற்குள் கடந்துவிடும். போல்ட் எஃகு, அது ஏறுகிற இன்ஜின் உடம்பு அலுமினியம், ஆக மரை போவது பெரும்பாலும் இன்ஜினில்தான். சின்ன ஸ்பேனரைக் குட்டையாகச் செய்வது இரும்பு மிச்சம் பிடிக்க அல்ல. கை அத்துமீறாமல் இருக்கத்தான்.

சரி, டார்க் ரெஞ்ச் வாங்கினால் தீர்ந்ததா? அங்கேயும் ஏமாற்றம் காத்திருக்கிறது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் அரை அங்குல ரெஞ்சின் அளவுகோல் 28இல் தொடங்கி 210 வரை போவது சகஜம். பைக்கில் அதிகம் இருக்கும் 10 என்ற அளவு அதில் கிடையவே கிடையாது. ‘கிளிக்’ வரும் என்று காத்துக்கொண்டே இறுக்கினால் போல்ட் அறுந்து கையில் வரும். மரையில் ஆயில் பட்டிருந்தால் அதே அளவில் போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும், ஏனென்றால் நாம் கொடுக்கும் விசையில் பெரும்பங்கை உராய்வே தின்கிறது. பத்தில் ஒரு பங்கு போலத்தான் உண்மையில் இறுக்கிப் பிடிக்கப் போகிறது. ஆக, கருவி வாங்கினால் போதாது, எந்தக் கருவி என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் டீ கிளாஸ்காரருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடலாம். திருகின் பள்ளத்தில் இறுகிய மண்ணை ஊசியால் நோண்டி எடுக்காமல் டிரைவரை வைப்பது, துருவுக்கு எண்ணெய் விட்ட கையோடு ஊறக்கூட விடாமல் திருகுவது, ரிங் ஸ்பேனர் பக்கத்தில் கிடக்க ஓபன் ஸ்பேனரை எடுப்பது, கைப்பிடியில் பைப்பைச் சொருகி நீட்டுவது: இவற்றுக்கெல்லாம் கருவியைப் பழிக்க முடியாது. டிரைவரை எடுக்கும் முன் திருகின் தலையில் பஞ்ச் வைத்து ஒரு தட்டு தட்டுகிறவனுக்கும் தட்டாதவனுக்கும் நடுவே இருப்பது அனுபவம்தான். ஆனால் அந்த அனுபவசாலியே முதலில் செய்வது, மோசமான டிரைவரைத் தூர எறிவது.

கடைசியாக, “இதுக்கெல்லாம் ஆகுற காசுல பல தடவை சர்வீஸ் விட்டிருக்கலாமே.” எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் இது உண்மை. வாங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன ஐந்து அளவில் நல்ல ரிங் ஸ்பேனர், 10க்கும் 12க்கும் ஆறு முனைச் சாக்கெட், வெசல் போன்ற ஜப்பானியக் கம்பெனியின் டிரைவரில் இரண்டும் மூன்றும் நம்பர், ஒரு இம்பாக்ட் டிரைவர். தனித்தனியாக, தேவை வரும்போது வாங்கினால் போதும். ஆயில் மாற்றுவது, செயின், பிரேக் ஷூ, கேபிள் எல்லாம் பெரும்பாலும் இவற்றுக்குள் அடக்கம். மேக்னெட் புல்லரும் கிளட்ச் நட்டுச் சாக்கெட்டும் எனக்கு வேண்டாம். அந்த வேலைக்கு வண்டியைப் பட்டறைக்கே தள்ளிக்கொண்டு போய்விடுவேன். அங்கே கவரைக் கழற்றப் பையன் எந்த டிரைவரை எடுக்கிறான் என்பதை மட்டும் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.