வைட்டமின் சி: ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம்னு கூட்டிப் பார்த்திருக்கீங்களா?

புனே அருகே ஆகுர்டியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஹிஞ்சவாடி ஐ.டி. பூங்காவுக்குப் போய்வரும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காலையில் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை ஒன்று: 1,000 மி.கி. வைட்டமின் சி. தொண்டை கரகரப்பா இருக்கேன்னு பகலில் சப்பும் மாத்திரை இரண்டு: தலா 500, ஆக 1,000. சருமத்துக்காக வாங்கிய கொலாஜன் பவுடர், ஜிம்மில் சொன்ன மல்டிவிட்டமின் இரண்டிலும் சேர்த்து இன்னொரு 150.

மொத்தம் 2,150 மி.கி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. கூட்டினால்தான் பிரச்னை தெரியும்: பெரியவர்களுக்கு ஒரு நாளின் மேல் வரம்பு 2,000 மி.கி.

வைட்டமின் சி ஆபத்தான பொருள் இல்லை. ஆனால் ஒரே பொருள் நான்கு டப்பாவில் வரும்போது, எவ்வளவு உள்ளே போகுதுன்னு யாரும் கணக்கு வைப்பதில்லை. பாதுகாப்பு என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

உடம்புக்கு எவ்வளவு வேணும்?

ஐ.சி.எம்.ஆர். – தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65 மி.கி. கர்ப்பிணிகளுக்கு 80. பாலூட்டும் தாய்மார்களுக்கு 115.

அதாவது ஒரு 500 மி.கி. மாத்திரை என்பது ஒரு ஆணுக்கு ஆறு நாள் தேவை. 1,000 மி.கி. மாத்திரை பன்னிரண்டு நாள் தேவை. அதை ஒரே நாளில் விழுங்கினால் மிச்சம் சேமிப்பில் போய் உட்காராது. வைட்டமின் சி நீரில் கரைவது. கொழுப்பில் கரையும் ஏ, டி மாதிரி உடம்பு இதைப் பெரிதாகச் சேர்த்து வைக்காது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே வேளையில் 200 மி.கி. கொடுத்தபோது கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேர்ந்தது. 1,250 மி.கி. கொடுத்தபோது பாதிகூடச் சேரவில்லை. அளவு 500-ஐத் தாண்டியதும், சேர்ந்ததிலும் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறியது.

(மாத்திரை போட்டதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதற்குக் காரணம் வைட்டமின் சி இல்லை. மல்டிவிட்டமினில் இருக்கும் பி2 தரும் நிறம் அது.)

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

பலருக்கு கொரோனா காலத்திலிருந்து. மகாராஷ்டிராவின் முதல் கொரோனா நோயாளிகள் 2020 மார்ச் 9-ல் கண்டறியப்பட்டது புனேயில்தான். அடுத்த மாதங்களில் நாடு முழுக்க, வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் மருந்துச் சீட்டில் ஜிங்க்கும் வைட்டமின் சி-யும் வழக்கமாக இடம்பிடித்தன. ஆனால் அது சில நாட்களுக்கான சீட்டு. நாட்கள் முடிந்தன; மாத்திரை மட்டும் தொடர்ந்தது.

அதற்கிடையில் ஆதாரம் மாறிவிட்டது. லேசான தொற்றுள்ள 214 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2021 பிப்ரவரியில் வந்தது. சிலருக்குத் தினமும் 8,000 மி.கி. வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை என்று ஆய்வை பாதியிலேயே நிறுத்தினார்கள். அதே ஆண்டு இரண்டாவது அலை தணியும் நேரத்தில், மத்திய அரசின் சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, லேசான தொற்றுக்கான பட்டியலிலிருந்து ஜிங்க், மல்டிவிட்டமின்களை எடுத்துவிட்டது. மாத்திரை தொடங்கிய அளவுக்கு இந்தத் திருத்தம் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

சரி, சளியாவது பிடிக்காம இருக்குமா?

இதற்கு நல்ல தரவு இருக்கிறது. 2013-ல் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, 11,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தினமும் மாத்திரை எடுத்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி நீடிக்கும் காலம் பெரியவர்களிடம் 8% குறைந்தது. ஏழு நாள் சளி என்றால் சுமார் அரை நாள் லாபம். அதுவும் தினமும் எடுத்தவர்களுக்கு. சளி பிடித்த பிறகு ஆரம்பித்தவர்களிடம் உறுதியான பலன் தெரியவில்லை.

விதிவிலக்கு உண்டு: மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடும் குளிரில் பயிற்சி செய்த ராணுவ வீரர்கள் போன்றோருக்குச் சளி வாய்ப்பு பாதியானது. ஏ.சி. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

அதிகமானால் என்ன ஆகும்?

முதலில் வயிறு காட்டிக்கொடுக்கும். குடலில் உறிஞ்சப்படாமல் தங்கும் வைட்டமின் சி தண்ணீரை இழுக்கும். வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, குமட்டல் வரும். 2,000 என்ற வரம்பு வைக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாவது, சிறுநீரகக் கல். உடம்பில் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறுகிறது. பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்ஸலேட் கற்கள். ஸ்வீடனில் 23,355 ஆண்களை 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-ல் வெளியானது. வைட்டமின் சி மாத்திரை எடுத்த 907 பேரில் 31 பேருக்குக் கல் வந்தது. எடுக்காத 22,448 பேரில் 405 பேருக்கு. சதவீதமாகப் பார்த்தால் 3.4 எதிர் 1.8.

இதைப் பயமுறுத்தலாகப் படிக்க வேண்டாம். எடுத்தவர்களிலும் 100-க்கு 96 பேருக்கு மேல் கல் வரவில்லை. மாத்திரைதான் காரணம் என்று இந்த வகை ஆய்வால் நிரூபிக்கவும் முடியாது. ஆனால் ஏற்கெனவே கல் வந்தவர், தண்ணீர் குடிக்க மறந்து ஒன்பது மணி நேரம் திரை முன் உட்காருபவர் எனில், லாபமே இல்லாத ஒன்றுக்காக எதற்கு இந்த ரிஸ்க்?

யாரெல்லாம் டாக்டரிடம் கேட்காமல் அதிக அளவு எடுக்கக் கூடாது?

• சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள்.

• தலசீமியா போன்றவற்றால் உடம்பில் இரும்புச் சத்து அதிகம் சேர்பவர்கள். வைட்டமின் சி இரும்பை இன்னும் அதிகமாக உறிஞ்ச வைக்கும்.

• ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள். மிக அதிக அளவில், முக்கியமாக ஊசி வழியாக ஏறும்போது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். பார்லர்களிலும் கிளினிக்குகளிலும் 'பளபளப்புக்காக' வைட்டமின் சி டிரிப் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

• ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள்.

• வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பவர்கள். ரத்தத்தில் வைட்டமின் சி மிக அதிகமானால் சில வகை மீட்டர்கள் சர்க்கரையைக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் கூட்டினால் ஆபத்து.

ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப் இருந்தால் அங்கேயும் சொல்லிவிடுங்கள். சிறுநீரில் சர்க்கரை, ரத்தம் இருக்கிறதா என்று பட்டையில் பார்க்கும் சோதனைகளில், அதிக வைட்டமின் சி உண்மையான கோளாறை மறைத்துவிடலாம்.

அட்டையில் எதைப் பார்க்கணும்?

கடையில் இது இரண்டு சட்டங்களின் கீழ் வருகிறது. ஒன்று, மருந்து. சாதாரண 100, 500 மி.கி. மாத்திரைகள் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அரசு உச்ச விலை வைக்கிறது. 2019 டிசம்பரில் அந்த வரம்பு 50% உயர்ந்த பிறகும் ஒரு மாத்திரை சில ரூபாய்தான். இன்னொன்று, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தில் வரும் உணவுத் துணைப்பொருள். இதற்கு அந்த விலை வரம்பு கிடையாது. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டிலும் 'அஸ்கார்பிக் ஆசிட்', 'சோடியம் அஸ்கார்பேட்' என்ற பெயர்களைத் தேடுங்கள். இரண்டுமே வைட்டமின் சி-தான். பி.பி. உள்ளவர்கள் நுரைக்கும் மாத்திரைகளில் சோடியம் எவ்வளவு என்றும் பார்க்கணும். சப்பும் மாத்திரை போட்டால் வாயைக் கொப்பளியுங்கள். அது அமிலம், பல் எனாமலை அரிக்கும்.

அப்போ மாத்திரையே வேண்டாமா?

குறைபாடு நிஜமாகவே இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். 2011-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்தது. வட இந்தியாவில் 74% பேருக்கும் தென்னிந்தியாவில் 46% பேருக்கும் வைட்டமின் சி குறைபாடு. புகையிலை பழக்கம் உள்ளவர்கள், விறகடுப்பில் சமைப்பவர்கள், உடல் மெலிந்தவர்களிடம் அது அதிகம். ஊரில் பழம் வாங்காமல் ரசமும் சோறுமாகச் சாப்பிடும் அம்மா, அப்பாவுக்கு ஒரு சிறிய அளவு மாத்திரை அவசியப்படலாம். அவர்களுடைய டாக்டரிடம் கேளுங்கள்.

உங்களுக்கு? 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது; நெல்லிக்காயிலும் அப்படித்தான். பிம்ப்ரி-சிஞ்ச்வட் சந்தைகளில் கொய்யாவுக்கு 'பேரு', நெல்லிக்காய்க்கு 'ஆவளா' என்று கேளுங்கள். சூடு பட்டால் சத்து குறையும், அதனால் பச்சையாகச் சாப்பிடுவது நல்லது.

இன்று இரவு வீட்டில் இருக்கும் டப்பாக்களையெல்லாம் மேஜையில் வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள மில்லிகிராமைக் கூட்டுங்கள். 2,000-ஐத் தாண்டினால் இன்றே குறையுங்கள். தாண்டாவிட்டாலும், டாக்டர் எழுதித் தராத 1,000-க்கு நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகிறது.