வெற்றிலை போடாத விருந்தாளி

நிக்கோலாஸ் பிமென்டா 1597-ல் செஞ்சிக்கு வந்தபோது ஊரை ஆண்ட நாயக்கர் அவருக்குக் கோபுரத்தில் ஜாகை ஒதுக்கினார். ராஜ மரியாதைதான். ஆனால் எங்கள் ஊரைச் சுற்றி ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வெகு நேரம் வரை அவை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பாதிரியாரால் தாங்க முடியவில்லை. பக்கத்திலிருந்த தோப்புக்கு ஜாகையை மாற்றிக்கொண்டார். அது ஏதோ ஒரு சாமிக்கு விடப்பட்ட தோப்பு. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். விக்கிரக ஆராதனை கூடாது என்று சொல்ல வந்தவருக்கு விக்கிரகத்தின் தோப்புதான் நிழல் கொடுத்தது.

பிமென்டா இளைஞர் அல்ல. இயேசு சபையின் கீழைநாட்டுப் பணிகளைச் சுற்றிப் பார்த்துக் கணக்குக் கேட்க வந்த மேலதிகாரி. செஞ்சியைப் பற்றி அவர் எழுதியது ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம்: இந்தியாவில் பார்த்ததிலேயே பெரிய நகரம், லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில்கூட இவ்வளவு பெரிய ஊர் கிடையாது என்றார். கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 2025 ஜூலையில் இந்த வாக்கியம் மறுபடி ஒரு சுற்று வந்தது. எனக்குப் பிடித்தது அதே பயணத்தில் வரும் இன்னொரு சின்ன விஷயம். கிருஷ்ணப்ப நாயக்கர் பட்டு விரிப்பில் இரண்டு திண்டுகளில் சாய்ந்திருக்கிறார். மார்பில் முத்தும் மணியும் கோத்த சங்கிலி, உச்சியில் முடிந்த கொண்டையிலும் முத்து. வந்தவர்களுக்கு வெற்றிலை தரச் சொல்கிறார். பாதிரியார்கள் போட்டுக்கொள்ளவில்லை. நாயக்கருக்கு ஒரே ஆச்சரியம்.

சபையில் அரசன் தரும் தாம்பூலம் வாய் சிவக்கிற சமாச்சாரம் மட்டுமல்ல. வாங்கினால் உறவு, உடன்பாடு, சில சமயம் ஊழியம். மறுத்தால் என்ன அர்த்தம் என்று சபையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். நாயக்கரும் லேசான ஆள் அல்ல. அதே சமயத்தில் சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சன்னதித் திருப்பணியை எதிர்த்துக் கோபுரத்திலிருந்து குதித்து இருபது பேர் மாண்டும் அவர் பின்வாங்கவில்லை. அதை எழுதிவைத்தவரும் இதே பிமென்டாதான். அப்படிப்பட்டவர் வெற்றிலை விஷயத்தில் கோபித்துக்கொள்ளாமல், ஜரிகைத் துணிகளைப் பரிசாகக் கொடுத்து, தான் கட்டிக்கொண்டிருந்த புது ஊருக்கு ஒரு பாதிரியாரை அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மார்மன் பையன்களின் ஞாபகம் வரும். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையின் மேல் கறுப்புப் பெயர்ப்பட்டை, எப்போதும் இரண்டு இரண்டு பேராக. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அவர்கள் சபையின் முழுப்பெயர். பதினெட்டு வயதில் கிளம்பலாம். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். சம்பளம் கிடையாது, செலவு அவர்களுடையது, அல்லது வீட்டாருடையது. எந்த நாடு என்பதைச் சபை முடிவு செய்யும். 2019 பிப்ரவரி வரை, வீட்டுக்கு வழக்கமாகப் போன் பேசலாம் என்றால் அது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். இப்போது வாரம் ஒருமுறை. இந்தியாவில் 1993 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அவர்கள் பணி நடக்கிறது.

யூட்டாவிலிருந்து கிளம்பும் அப்படி ஒரு பையனுக்கு முதல் வாரத்தில் எது கஷ்டமாக இருக்கும்? வெயில், கொசு, காரம், மொழி என்று அடுக்கலாம். இவையெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், உட்கார்ந்த மறு நிமிடம், "தம்பி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் பேசுப்பா" என்று டம்ளரும் டபராவுமாக வந்து நிற்கும் வீட்டம்மா. ஜோசப் ஸ்மித் 1833-ல் அறிவித்த விதிப்படி மது, புகையிலையோடு 'சூடான பானங்களும்' கூடாது. அது டீயும் காப்பியும் என்றே சபை பொருள் கொள்கிறது. பையன் வேண்டாம் என்கிறான். "ஏன், பால் சேராதா? வரக்காப்பி போடவா?" அதுவும் வேண்டாம். "அப்ப டீ?" இந்த விசாரணையைத் தாண்டுவதற்குத் தனிப் பயிற்சியே வேண்டும்.

இத்தனைக்கும் விருந்தாளிக்குக் காப்பி என்பது நமக்கே நூறு வருடப் பழக்கம்தான். அதற்கு முன்பு மோர், நீராகாரம், பெரிய இடங்களில் வெற்றிலை. டீயை வீதி வீதியாகப் போட்டுக் காட்டிப் பழக்கியவர்கள் வெள்ளைக்காரக் காலத்து விளம்பரக்காரர்கள். ஆனாலும் வந்தவர் வெறும் வாயோடு எழுந்து போனால் வீட்டுக்கு ஆகாது என்ற எண்ணம் பழையது.

மார்மன்கள் தமிழ்நாட்டுக்கு வந்தது நேற்று அல்ல. 1853 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவில் கப்பலேறிய ஒரு குழு ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கியது. அதிலிருந்து ரிச்சர்டு பாலண்டைன் சென்னைக்கு வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849-ல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். மடியில் காசில்லாமல், கிடைத்த இடத்தில் தங்கி, கொடுத்ததைச் சாப்பிட்டு ஊழியம் செய்வது அவர்களின் அன்றைய முறை. பலதார மணத்தைச் சபை 1852-ல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி அவர்களின் கூடவே பயணம் செய்து கதவுகளைச் சாத்திவிட்டது. பாலண்டைன் ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். அவர் பேசியது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடமும் பட்டாளத்துச் சிப்பாய்களிடமும்தான். மறு வருடமே கப்பலேறிவிட்டார். தமிழ் வீட்டுத் திண்ணை ஏறி, தருவதை வாங்குவதா மறுப்பதா என்று திண்டாடும் பாக்கியம் அவருக்கு வாய்த்ததாகத் தெரியவில்லை.

நேர் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி இறைச்சியையும் மதுவையும் விட்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார், சந்நியாசிக் கோலம் பூண்டார். லிஸ்பன் அரண்மனையில் இளவரசருக்குத் தோழனாக வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ, நாம் அருளானந்தர் என்று சொல்கிறவர், 1674-ல் இருபத்தேழு வயதில் மதுரை மிஷனுக்கு வந்தார். செஞ்சிச் சீமையும் அவர் அலைந்த இடம். கோட்டை அப்போது பிஜப்பூர் சுல்தான் கையில் இருந்தது. மூன்று வருடத்தில் சிவாஜி பிடித்துவிட்டார். ஊர் நிலவரம் அப்படி. அருளானந்தரும் பண்டாரச் சாமியாகக் காவி உடுத்து, சோறும் காய்கறியும் மட்டும் சாப்பிட்டார். அரண்மனையில் வளர்ந்த உடம்புக்கு அந்த முதல் மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே மலைப்பாக இருக்கிறது. கடைசியில் 1693-ல் ஓரியூரில் வெட்டுப்பட்டு இறந்தார்.

இந்தச் சைவ விரதத்தைப் பண்பாட்டு இணக்கம் என்று பாராட்டுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இறைச்சியை விட்டதோடு அது நிற்கவில்லை. யார் சமைத்தது, யார் கையால் வாங்குவது, யார் வீட்டுக்குள் போவது என்ற கணக்கும் கூடவே வந்தது. பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்தவர்கள் தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டவர்களோடு பகிரங்கமாகப் பழக முடியாமல், இரவில் மறைவாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தச் சங்கடத்தைச் சமாளிக்கத்தான் 1640-ஐ ஒட்டிப் பண்டாரச் சாமி என்ற இரண்டாவது ஏற்பாடே வந்தது. தியாகம் பெரிதுதான், அதற்கான விலையில் ஒரு பங்கைச் சேரிக்காரர் கொடுத்தார். ஒரு பொருளை மறுப்பது வேறு, அதைக் கொடுக்கிற கையை மறுப்பது வேறு. எங்கள் விழுப்புரம் மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காப்பி வேண்டாம் என்ற மார்மன் பையன் அதே வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பான் என்றால், அது காலனி வீடானாலும் ஊர்த்தெரு வீடானாலும் குடிப்பான் என்றால், அவன் மதத்தைப் பற்றி எனக்கு எத்தனை கேள்வி இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் அவன் பக்கம்.

சாப்பாட்டை மறுப்பவர்கள் செஞ்சிக்குப் புதிதும் அல்ல. சிங்கவரம் பக்கம் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். கீழே ஒரு கல்வெட்டு: சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த இடம் அது. கோட்டை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கோட்டைக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் பழைய புலம்பல், இங்கே வேண்டாம். சமணம் இங்கே கல்லோடு முடிந்துவிடவும் இல்லை. மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் நயினார் வீடுகள் இருக்கின்றன. என்னோடு படித்த நயினார் வீட்டுப் பையன் கிழங்கு தொடமாட்டான், பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரோடு சரி. அவன் வருகிற நாளில் எங்கள் அம்மா வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டுவிடுவாள். உருளைக்கிழங்கு இல்லாத குருமாவை எங்களையும் சாப்பிட வைப்பாள். அவன் ஏன் மறுக்கிறான் என்று ஒரு தடவைதான் கேட்டாள். அப்புறம் அவள் கவலையெல்லாம் அவனுக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான்.

வெற்றிலை மறுத்தவருக்கு நாயக்கர் ஜரிகைத் துணி கொடுத்ததும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன். அரசனுக்கு வேறு கணக்குகளும் இருந்திருக்கும். கடற்கரையில் போர்த்துகீசியர்கள் இருந்தார்கள், அவர்களிடம் துப்பாக்கி இருந்தது, குதிரை வியாபாரம் இருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது.

ஆக, யூட்டாப் பையன் ஒருவன் கோட்டை பார்க்க வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தால் என்ன கொடுப்பது? யோசித்து வைத்திருக்கிறேன். சுக்குமல்லிக் கஷாயம் கொடுக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் எல்லோரும் அதைச் சுக்குக் காப்பி என்பார்கள். பெயரைக் கேட்டதும் பையன் எழுந்துவிடுவான். நன்னாரி சர்பத்துக்குத் தடையில்லை. சித்திரை மாதம் என்றால் நுங்கு இருக்கிறது, பதநீர் இருக்கிறது. இது பனங்காடு நிறைந்த சீமை. பதநீரில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்: கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவியிருக்கிறார்களா என்று பார்த்து, விடிந்ததும் வாங்கிவிட வேண்டும். வெயில் ஏற ஏற அது கள்ளாகிற பக்கம் நகர ஆரம்பித்துவிடும். அப்புறம் அவன் சபைக்கும் ஆகாது, நம் மதுவிலக்குப் போலீசுக்கும் ஆகாது.