ஒன்பதாம் பாடத்துக்கும் பத்தாம் பாடத்துக்கும் நடுவில்

"எஸ்டேட் பையனுக்கு ஐரோப்பிய வரலாறு எதுக்கு?" இந்தக் கேள்வியை நம்மவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். வயரிங் படி, ஏர்கோன் படி, சீக்கிரம் வேலை கிடைக்கும் என்பது நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த எல்லாருக்கும் பழகிய அறிவுரை. நானும் பொறியியல் படித்தவன்தான். வேலையின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் அந்த அறிவுரைக்குள் ஒரு இளக்காரம் இருக்கிறது. கைவேலை உனக்கு, யோசிக்கிற வேலை வேற யாருக்கோ என்கிற இளக்காரம்.

நான் படித்த நான்காம் படிவ வரலாற்றுப் புத்தகத்தில் 9ஆம் பாடம் ஐரோப்பா: மறுமலர்ச்சி, சமயச் சீர்திருத்தம், கடற்பயணங்கள். 10ஆம் பாடம் பிரிட்டிஷார் காலத்துப் பொருளாதாரம்: ஈயம், ரப்பர், இந்தியத் தொழிலாளர்கள். ஒன்பதிலிருந்து பத்துக்கு எப்படி வந்தோம் என்று பரீட்சை கேட்கவில்லை. அதனால் நாமும் கேட்கவில்லை. 2020இல் வந்த புதிய நான்காம் படிவப் புத்தகத்தில் அந்த ஐரோப்பியப் பாடமே இல்லை.

எஸ்டேட் என்கிற ஏற்பாடு ரந்தாவிலோ பகாவிலோ பிறந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் சாவோ தோமே தீவில் போர்த்துகீசியர்கள் கரும்புத் தோட்டம் போட்டுவிட்டார்கள். ஒரே பயிர், கடல்கடந்த சந்தை, வெளியிலிருந்து கொண்டுவந்த ஆட்கள், அவர்களை மேய்க்க ஒரு மேற்பார்வையாளன். அந்த ஆட்கள் அடிமைகள். 1511இல் நம் தம்பினுக்குப் பக்கத்து மலாக்காவைப் பிடித்ததும் இதே போர்த்துகீசியர்கள்தான். பிரேசில், பிறகு 1640களில் ஆங்கிலேயரின் பார்படோஸ் என்று இந்த ஏற்பாடு பரவியது.

1833இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. மறுவருடமே மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. அடிமை முறையும் கூலி முறையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கூலிக்குச் சம்பளம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. ஆனால் விடியற்காலைப் பெரட்டு, லயம், துரை பங்களா எல்லாம் அந்தப் பழைய ஏற்பாட்டின் வாரிசுகள்.

கம்பெனியும் அப்படித்தான். 1600இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1602இல் டச்சுக் கம்பெனி. பங்குதாரர் ஓரிடம், நிலம் ஓரிடம், உழைக்கிறவன் இன்னோரிடம். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறும்போது, யாரிடம் போய் நியாயம் கேட்பது என்று நம் ஜனங்கள் திகைத்து நின்றதன் வேர் அங்கே இருக்கிறது.

வரலாறு என்றாலே நம் இயக்கங்கள் 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்ற கதையைத்தான் பாடப்புத்தகத்தில் தேடுகின்றன. தேடட்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் வந்தது சோழன் கப்பலில் இல்லை, நாகப்பட்டினத்தில் ஏறிய கூலிக் கப்பலில். பெருமைக்கு ஒரு வரலாறு கேட்கிற நாம், நம் நிலைமையை விளக்குகிற வரலாற்றை ஏன் கேட்பதில்லை?

ஜெம்போலில் சமூகக் கல்லூரி இருக்கிறது, ஜெலுபுவில் இருக்கிறது. சமூகக் கல்லூரிகள் கைத்தொழில் சான்றிதழ் படிப்புகளோடு பொதுமக்களுக்குச் சமையல், தையல் என்று குறுகியகாலப் பயிற்சிகளும் நடத்துகின்றன. 1492 முதல் 1833 வரையிலான உலகத்தைப் பற்றி ஒரு வாரயிறுதிப் பயிற்சி ஏன் கூடாது? கேட்டு எழுதுவோம். கொடுக்கவில்லையென்றால் கோயில் மண்டபம் இருக்கு, தமிழ்ப்பள்ளி வகுப்பறை இருக்கு. பத்துப் பேர் சேர்ந்தால் போதும். வயரிங் படிக்கிற பையனும் அதில் வந்து உட்காரட்டும். இரண்டையும் படிக்க அவனுக்கு மூளை இருக்கு.