அட்டையில் தூக்கத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய விருதுநகர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கம் பிரஷரும் சுகரும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். மாத்திரையும் வீடு தேடி வருகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி, வரிசையில் நின்று மருந்து வாங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். விரலில் குத்தி சுகர் பார்க்கிற தங்கைகள் உப்பைக் கேட்கிறார்கள், சர்க்கரையைக் கேட்கிறார்கள், நடக்கிறீர்களா என்றும் கேட்கிறார்கள். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மல்லாங்கிணறு, காரியாபட்டி வட்டாரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

இங்கே மழையை நம்பிய கரிசல் காடு கைவிட்டால் நூல் மில் வேன், இல்லையென்றால் பட்டாசுக் கம்பெனி வேன். மில்லில் பகல், அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில், அறுந்த நூலை ஒட்டும் சைடர் வேலை பார்க்கும் ஒரு பெண் முழு நைட் முடித்து வேனிலிருந்து இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். குழாயில் தண்ணீர் வருகிற நாளென்றால் முதலில் குடத்தைத்தான் தூக்குவாள். உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணி அலசிப் போட்டுவிட்டுப் படுக்கையில் மணி பதினொன்றைத் தாண்டும். மேலே தகரக் கூரை. கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வெளிச்சம். நடுவில் குழு லோன் தவணைக்கு ஆள் வந்து கூப்பிடுவார். பிள்ளைகள் திரும்பும் வரைக்கும் நாலு மணி நேரம் படுத்திருந்தால் அதிகம். அவளுக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள்.

நாலு மணி நேரத் தூக்கம் என்ன செய்யும் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன், சர்க்கரை நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பதுபோல் குறைந்துவிட்டது. 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது இது. 2004-ல் அதே பல்கலைக்கழகத்தார் பசியைப் பார்த்தார்கள். இரண்டே இரவு தூக்கம் குறைந்ததில், வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. நள்ளிரவு தாண்டி கேன்டீனில் டீயும் பன்னும் தேடிப் போகிறவளிடம் ‘வாயைக் கட்டும்மா’ என்று சொல்வதில் நியாயம் இல்லை. இன்சுலின் மந்தமாக வேலை செய்யும் நேரமும் அந்த ராத்திரிதான். அதே பன் பகலில் ஏற்றுவதைவிட அப்போது சுகரைக் கூடுதலாக ஏற்றும்.

கார்டிசால் என்றொரு ஹார்மோன் இருக்கிறது. நள்ளிரவில் அடங்கிக் கிடந்து, விடியுமுன் ஏறத் தொடங்கி, கண் விழித்த சிறிது நேரத்தில் உச்சிக்குப் போகும். எழுந்து வேலை செய்யத் தெம்பு தருவது அது. அடங்க வேண்டிய வேளையில் அடங்காமல் நீடித்தால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது. கடன் கவலையும், தீபாவளி முடிந்ததும் வேலை இருக்குமா என்ற பயமும் அதை அடங்க விடுவதில்லை. இரவில் சுரந்து தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனினை மில்லின் டியூப்லைட் வெளிச்சம் அமுக்கிவிடுகிறது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் உடம்பின் கடிகாரம் எதற்கும் பழகுவதில்லை. சுழற்சி ஷிப்டில் இருக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு முறை தவறுவது கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கள் வீடுகளில் அதற்கு ஊசி போடுகிறார்கள், மாத்திரை வாங்குகிறார்கள், திருமணமான பெண்ணென்றால் கோவிலுக்கும் அழைத்துப் போகிறார்கள். ஷிப்டை மாற்றிக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியே கொண்டுவந்தது. ஓய்வு கேட்கிற உடம்புக்கு மாத்திரை கொடுக்கும் பழக்கம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

சட்டம் ஓய்வை யோசிக்காமல் இல்லை. பெண்கள் இரவு ஷிப்ட் பார்க்க இருந்த தடையை 2000-ல் நீக்கிய சென்னை உயர் நீதிமன்றம் சில நிபந்தனைகளை வைத்தது. பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கோ, இரவிலிருந்து பகலுக்கோ மாற்றும்போது இடையில் தொடர்ச்சியாக 12 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த 12 மணி நேரத்தில் வேனில் கழியும் நேரமும் அடங்கிவிடுகிறது. வேன் ஒவ்வொரு ஊராகச் சுற்றி ஆள் ஏற்றி இறக்குகிறது. ஓய்வைக் கேட்டில் கைரேகை வைக்கும் நேரத்திலிருந்து எண்ணாமல், வீட்டு வாசலில் இறங்கும் நேரத்திலிருந்து எண்ணச் சொல்லி உங்கள் மாவட்டத்து ஆலைகளை நீங்கள் கேட்கலாம்.

பட்டாசு ஆலைகளில் தூக்கமின்மை உயிர்ப் பிரச்சினை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பீஸ் ரேட்டுக்காக இருட்டில் எழுந்து ஓடுகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தது அப்படியொரு சீசனில்தான். பல விபத்துகளுக்குப் பிறகும் வெடிமருந்து உராய்ந்ததாக அறிக்கை வருகிறது. உரிமம், கூடுதல் ஆட்கள், மருந்தின் அளவு எல்லாம் விசாரிக்கப்படுகின்றன, விசாரிக்கவும் வேண்டும். அந்த மருந்தைத் தொட்ட கைக்குரியவர் முந்தின இரவு தூங்கினாரா என்பதையும் விசாரணையில் சேருங்கள். அவர்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. மருந்து கலக்கும் அறைக்குள் அரைத்தூக்கத்தில் ஒருவர் நுழைய நேர்ந்ததற்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

நமது மாவட்டம் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்கான 49 குறியீடுகளில் தூக்கம் இல்லை. அதை டெல்லியில்தான் மாற்ற முடியும். ஆனால் வீட்டுக்கு வரும் தங்கைகள் சுகரைக் குறிக்கும் அட்டையில் இரண்டு கட்டங்கள் சேர்க்க டெல்லி வேண்டாம்: எத்தனை மணி நேரத் தூக்கம், எந்த ஷிப்ட். முழு நைட் பார்த்தவளுக்கு எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதையும் அதில் குறித்தால் டாக்டருக்கு உதவும். வீட்டுக்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் பகலில் வந்து கதவு பூட்டியிருக்கக் கண்டு திரும்பிப் போகாமல், வார விடுமுறை நாளில் வரட்டும். திட்டம் இப்போது பணியிடங்களுக்கும் வந்துவிட்டது. மில் கேட்டிலும் பட்டாசு ஆலை ஓய்வறையிலும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டு விற்பனை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஆலைகளில் யாரும் நின்று காது கொடுக்க மாட்டார்கள். தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை அதிகாரிகளையும் ஆலை உரிமையாளர்களையும், வேனில் போய்வரும் பெண்களில் சிலரையும் அதற்கு முன்பே ஒரே மேசையில் உட்கார வையுங்கள். கூட்டத்தை அந்தப் பெண்கள் தூங்கும் நேரத்தில் மட்டும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மல்லாங்கிணறு வாசி