முழங்கால் குளிசை இதயத்தையும் காக்குமா?

கடந்த மாதம் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் லண்டனிலிருந்து மகன் அனுப்பிய குளுக்கோசமைன் போத்தல் இருந்தது. “முழங்கால் நோவுக்கு மட்டுமில்லைத் தம்பி, நெஞ்சுக்கும் நல்லதாம். அதாலை பிறஷர் குளிசையை இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுறன்” என்றார்.

அந்தக் கடைசி வசனம்தான் இதை எழுத வைத்தது.

மகன் சொன்னது கட்டுக்கதை அல்ல. 2019இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையான பிஎம்ஜே ஓர் ஆய்வை வெளியிட்டது. பிரித்தானியாவின் ‘யூகே பயோபாங்க்’ தரவுத்தொகுப்பிலிருந்து, இதய நோயில்லாத 466,039 பேரின் விபரங்கள் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவதானிக்கப்பட்டன. குளுக்கோசமைன் எடுத்தவர்களிடம் இதய, குருதிக்குழாய் நோய்கள் 15 சதவீதமும், அவற்றால் ஏற்படும் இறப்பு 22 சதவீதமும் குறைவாக இருந்தன. 2020இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் பெரிய எண்ணைச் சொன்னார்கள்: ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் இதய நோய் இறப்பு 65 சதவீதம் குறைவு.

எனக்குச் சந்தேகம் தொடங்குவது இங்கேதான். கொலஸ்ரோலுக்குக் கொடுக்கப்படும் ஸ்டாட்டின் மருந்துகள் பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டவை. அவைகூட இறப்பை இந்தளவுக்குக் குறைப்பதில்லை. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் ஒரு சத்துக்குளிசை அவற்றையெல்லாம் தாண்டுகிறது என்றால், காரணம் குளிசையா, அதை எடுப்பவர்களா என்று கேட்க வேண்டும்.

பயோபாங்க் தரவிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. குளுக்கோசமைன் எடுத்தவர்கள் குறைவாகப் புகைத்தார்கள், கூடுதலாக உடற்பயிற்சி செய்தார்கள், நல்ல உணவு உண்டார்கள். தன் உடம்பில் அக்கறையுள்ளவர்தான் சொந்தக் காசில் சத்துக்குளிசை வாங்குவார். இந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்தே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒருவரின் அக்கறையை முழுமையாக அளக்க எந்தக் கணக்கீடும் இல்லை. எவ்வளவு எடுத்தார்கள், எத்தனை காலம் எடுத்தார்கள் என்ற விபரமும் அந்தத் தரவில் இல்லை.

இப்படி ஏமாந்த வரலாறு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹோர்மோன் குளிசை இதயத்தைக் காக்கும் என்று அவதானிப்பு ஆய்வுகள் நம்பவைத்தன. பின்னர் அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தபோது, ஹோர்மோன் கூட்டுக் குளிசை எடுத்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியிருந்தன. 2002இல் அந்தச் சோதனை இடைநிறுத்தப்பட்டது. குளுக்கோசமைன் இதயத்தைக் காக்கிறது என்று அத்தகைய பெரிய குலுக்கல் சோதனை எதுவும் இன்னும் நிரூபிக்கவில்லை.

முழங்காலுக்காவது பயன் உண்டா? 2006இல் அமெரிக்காவில் 1,583 நோயாளர்களிடம் நடந்த சோதனையில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அது வெற்றுக் குளிசையை விடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இருக்கவில்லை. பிரித்தானியாவின் சிகிச்சை வழிகாட்டலும் மூட்டுத் தேய்வுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

பெரும்பாலானோருக்குக் குளுக்கோசமைன் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் இரண்டு பேர் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர், இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர். மற்றவர், இதய வால்வு மாற்றியதாலோ வேறு காரணத்தாலோ வார்பரின் குளிசை எடுப்பவர். இரண்டும் சேரும்போது குருதி உறையாமல் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடலாம். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரும் போத்தலைப் பற்றிக் கிளினிக்கில் பலர் வாய் திறப்பதில்லை. மருந்து என்று நினைக்காததால் சொல்லத் தோன்றுவதுமில்லை. அடுத்தமுறை போகும்போது போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

உண்மையான ஆபத்து போத்தலுக்குள் இல்லை; அது தரும் துணிவில் இருக்கிறது. நிரூபிக்கப்படாத ஒன்றை நம்பி, நிரூபிக்கப்பட்ட பிறஷர் குளிசையைக் குறைப்பது பாரிசவாதத்தை வீட்டுக்கு அழைப்பது போன்றது.

மூட்டுக்கும் இதயத்துக்கும் சேர்த்தே நன்மை தருவதாக உறுதியான சான்றுள்ளது நடையும், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும்தான். மாமிக்கு இதைத்தான் சொன்னேன். “அப்ப மகன் காசைக் கரியாக்கிப் போட்டானோ?” என்று சிரித்தார். மறுநாள் காலையில் பிறஷர் குளிசையை விழுங்கிவிட்டு, கோயில்வரை நடக்கக் கிளம்பினார்.